குளம், களம், மேய்க்கால்: நெல்லைச் சீமையின் பொது நிலங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி மாவட்டத்தில் வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பிறகும், அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பலர் என்னைத் தேடி வருகிறார்கள். நெல்லடிக்கும் ஊர்க் களத்தில் கட்டடம் வரப்போகிறதாம், குளத்துக்குள் யாரோ கல் நட்டிருக்கிறார்களாம், மேய்ச்சல் நிலமான மேய்க்காலை வேறு துறைக்குக் கொடுக்கப் போகிறார்களாம், இதையெல்லாம் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா என்பதே பெரும்பாலோர் கொண்டுவரும் கேள்வி. உரிமை உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்த ஒரு காலமும் உண்டு. கோப்பு நகர்ந்துகொண்டிருக்கும்போது கேட்டால் ஒரு மனு போதும். அஸ்திவாரம் போட்ட பிறகு கேட்டால் வழக்கு மன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். அந்த வேறுபாட்டை ஊரில் உள்ள ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே, திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே ஒன்றுசேர்த்திருக்கிறேன்.

புறம்போக்கு என்றால் யாருக்கும் பயன்படாத நிலம் என்றுதானே பொருள்?

இல்லை. அந்தச் சொல் பேச்சு வழக்கில் ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. தீர்வை, அதாவது நிலவரி, விதிக்கத்தக்க நிலம் எது என்று, ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கான நில அளவையில் பிரித்தபோது, ஊரின் பொதுத் தேவைக்கான குளம், வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை, களம், மந்தை, மேய்க்கால், சுடுகாடு, தோப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக அளந்து, வரிக்குப் புறம்பாக வைத்தார்கள். அப்படி வைக்கப்பட்டதே புறம்போக்கு. வரி இல்லை என்பதால் மதிப்பு இல்லை என்று ஆகிவிடாது. பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்த பிறகு, களம் இல்லாத ஊரில் தார்ச்சாலையின் ஓரத்தில் நெல்லைப் பரப்பி, சுற்றிலும் கல்லை வைத்து, வருகிற லாரிக்கெல்லாம் கைகாட்டி வழிவிட்டுக்கொண்டு நிற்கும் விவசாயியிடம் கேட்டால் களத்தின் மதிப்பைச் சொல்வார்.

புறம்போக்கு வேறு, தரிசு வேறு என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று கணக்கில் இருப்பவையும் அரசு நிலங்களே. ஆனால் அவை எந்தக் குறிப்பிட்ட பொதுப் பயனுக்கும் ஒதுக்கப்பட்டவை அல்ல. நிலமற்றவருக்கு ஒப்படை வழங்குவதற்கும், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்கு இடம் தேடுவதற்கும் அரசு முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தரிசு நிலங்களைத்தான். தரிசு இருக்கும்போதே குளத்தையும் களத்தையும் தேடிப்போவதுதான் நம் பக்கத்துப் பிரச்சினைகளில் பாதிக்குக் காரணம் என்பது என் அனுபவம்.

எங்கள் ஊரில் எந்த நிலம் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அ-பதிவேடு என்ற ஒன்று ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் உண்டு. ஊரின் எல்லா நிலமும் புல எண் வரிசையில் அதில் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் புல எண், உட்பிரிவு, பழைய புல எண், நன்செயா புன்செயா புறம்போக்கா என்ற விவரம், மண் வயனம் (மண்ணின் வகை), தரம், ஹெக்டேர் மற்றும் ஏர்ஸ் கணக்கில் பரப்பு, தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர் என்று பத்திகள் ஓடும். புறம்போக்கு நிலத்துக்கு மண் வயனமும் தீர்வையும் இருக்காது. அந்த இடங்களில் சிறு கோடுகள் மட்டும் இருக்கும். வரியின் கடைசியில் "குளம்" என்றோ "ஓடை" என்றோ "களம்" என்றோ ஒரே ஒரு சொல் இருக்கும். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஒரு ஊரின் பொதுவாழ்வு நிற்கிறது. அதை மாற்றாமல் சட்டப்படி அந்த நிலத்தில் வேறு எதுவும் செய்ய முடியாது.

அ-பதிவேட்டோடு புலப்படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; எந்த எல்லைக் கல்லிலிருந்து எந்தக் கல்லுக்கு எத்தனை மீட்டர் என்ற அளவு அதில்தான் இருக்கும். இரண்டையும் அரசின் இணையவழிச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்துப் பார்க்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்கலாம். ஆண்டுதோறும் கோடையை ஒட்டி வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்திக்கு ஊர்க் கணக்குகள் அனைத்தும் தணிக்கைக்காகக் கொண்டுவரப்படும். அன்று நேரில் சென்று கேட்பது இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கை. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், நாம் யூ.டி.ஆர். என்று சொல்கிற அந்த வேலையில், புதிய கணக்குகள் எழுதப்பட்டன. அப்போது சில இடங்களில் புறம்போக்கு பட்டாவாகவும், பட்டா புறம்போக்காகவும் தவறிப்போனது உண்டு. ஆகவே சந்தேகம் வந்தால், இன்றைய கணக்கோடு நின்றுவிடாமல் அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும்.

நிலம் அரசுடையது என்றால் எந்த அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கிறது?

உரிமை அரசிடமும், பராமரிப்பு பல கைகளிலும் இருக்கிறது. நிலக் கணக்கு வருவாய்த் துறையிடம் இருக்கும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது நம் வழக்கில் புரவு, உள்ள குளங்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். மேய்க்கால், களம், சுடுகாடு, இடுகாடு, மந்தை, வண்டிப்பாதை, தோப்பு ஆகியவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சியிடம் கொடுத்திருக்கிறது. காப்புக்காடு வனத்துறையிடம் இருக்கும்.

இந்தப் பிரிவினை தெரியாமல் மனுக் கொடுத்தால் அலைச்சல்தான் மிஞ்சும். குளம் நிறைந்ததும் நீர் வெளியேறும் மறுகாலை அடைத்திருக்கிறார்கள் என்று வட்டாட்சியரிடம் சொன்னால் நீர்வளத் துறையைக் கேளுங்கள் என்பார். அங்கே போனால் எல்லையை வருவாய்த் துறை அளந்து காட்டட்டும் என்பார்கள். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால் இருவருக்கும் ஒரே நாளில் ஒரே மனுவைக் கொடுத்து, யார் யாருக்கு நகல் போகிறது என்பதையும் மனுவின் அடியிலேயே எழுதிவிட வேண்டும்.

தன் நிலத்தை அரசு தன் விருப்பப்படி பயன்படுத்தக் கூடாதா?

ஊர்க்காரர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. தனியார் ஆக்கிரமித்தால் தட்டிக்கேட்கலாம், அரசாங்கமே கட்டடம் கட்டினால் யாரைக் கேட்பது என்று நினைக்கிறார்கள். பொது நிலத்தைப் பொறுத்தவரை அரசு மக்களின் சார்பில் காக்கும் அறங்காவலர் என்பதை நம் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. குளமும் குட்டையும் வீட்டுமனைக்காக ஒதுக்கத்தக்கவை அல்ல என்று உச்சநீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. 2011 ஜனவரியில், பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தை நிரப்பி வீடு கட்டியவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு அதை முறைப்படுத்த முயன்ற வழக்கில், அந்த ஏற்பாட்டை ரத்து செய்ததோடு, ஊர்ப் பொது நிலங்களை மீட்பதற்கான திட்டத்தை எல்லா மாநிலங்களும் வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

அதற்காக வகை மாற்றமே கூடாது என்று பொருள் கொள்ளக் கூடாது. ஊருக்குப் பள்ளியும் குடிநீர்த் தொட்டியும் வேண்டும். அவை ஆகாயத்தில் நிற்க முடியாது. அதற்கான முறை வருவாய் நிலை ஆணைகளில் தெளிவாக இருக்கிறது. நிலம் வேண்டும் துறை மாவட்ட ஆட்சியருக்கு எழுதுகிறது. அது வட்டாட்சியருக்கு வருகிறது. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் இடத்தைப் பார்த்து, அ-பதிவேடு, அடங்கல் (ஆண்டுதோறும் எழுதும் பயிர்க் கணக்கு), புலப்படம், நிலத் திட்ட வரைபடம் ஆகியவற்றோடு அறிக்கை தருகிறார்கள். ஊரில் விளம்பரம் செய்து ஆட்சேபணை கேட்கிறார்கள். ஊராட்சியின் தீர்மானமும், நீர்நிலை பக்கத்தில் இருந்தால் நீர்வளத் துறையின் கருத்தும் பெறப்படுகின்றன. கோட்டாட்சியர் தணிக்கை செய்த பின் கோப்பு ஆட்சியரிடம் போகிறது. நிலத்தின் மதிப்பையும் வகையையும் பொறுத்துச் சென்னையில் உள்ள நில நிர்வாக ஆணையருக்கும் அரசுக்கும் போகும்.

இத்தனை படிகளிலும் ஊர்க்காரர் குரல் நுழைய வேண்டிய இடம் அந்த விளம்பரமும் ஊராட்சித் தீர்மானமும்தான். முன்பு தலையாரி தமுக்கு அடித்து ஊரெல்லாம் சொல்வார். இப்போது கிராம நிர்வாக அலுவலகத்தின் சுவரில் ஒரு தாள் ஒட்டப்படுகிறது. வெயிலில் மங்கி, பசை உலர்ந்து, ஒரு மூலை காற்றில் படபடத்துக்கொண்டிருக்கும் அந்தத் தாளை நின்று படிப்பவர் அரிது. கெடு நாள் முடிந்ததும் "ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை" என்ற ஒரு வரி அறிக்கையில் ஏறிவிடுகிறது. நானே என் பணிக்காலத்தில் அந்த வரியைப் பலமுறை எழுதியிருக்கிறேன். எழுதியது பொய் இல்லை. ஆனால் ஊருக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று ஒரு தடவையாவது டீக்கடையில் நின்று கேட்டிருக்க வேண்டும் என்று இன்று தோன்றுகிறது. மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தச் சுவரைப் பார்ப்பது என்று ஊரில் இரண்டு பேர் பொறுப்பு எடுத்துக்கொண்டால், பிற்பாடு நூறு பேர் சாலையில் உட்கார வேண்டியிருக்காது.

ஆடு மாடு குறைந்துவிட்டது. மேய்க்கால் நிலத்தைச் சும்மா வைத்திருப்பது வீண்தானே?

மாடு குறைந்ததா, மேய்ச்சல் குறைந்ததால் மாடு குறைந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். மானூர், நாங்குநேரி பக்கத்துப் பொட்டல்களில் கிடை போட்டு ஆடு வளர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிசான நடவுக்கும் அறுவடைக்கும் இடையில் வயக்காடு முழுவதும் பயிர் இருக்கும் நாள்களில், அவர்களுடைய ஆடுகள் நிற்பதற்கு மேய்க்காலைத் தவிர வேறு இடம் இல்லை. மேய்க்கால் நிலத்தை வேறு பயனுக்கு மாற்றும்போது அதே அளவு மாற்று நிலத்தை மேய்ச்சலுக்கு ஒதுக்க வேண்டும் என்று அரசு நிபந்தனை வைப்பது அதனால்தான். ஆட்சேபணை மனுவில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே: மாற்று நிலத்தின் புல எண் என்ன, அது ஊரிலிருந்து எவ்வளவு தொலைவு, அங்கே ஆட்டுக்குத் தண்ணீர் இருக்கிறதா?

எங்கள் குளத்தில் பல ஆண்டுகளாகத் தண்ணீரே நிற்கவில்லை. அதில் பொதுக் கட்டடம் கட்டினால் என்ன தவறு?

தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகளும், அவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்களும் இருக்கின்றன. கன்னடியன், கோடகன், பாளையம், நெல்லைக் கால்வாய் எல்லாம் அவற்றில் சேர்ந்தவை. கால்வாயிலிருந்து ஒரு குளம், அதன் மறுகாலில் விழும் தண்ணீர் அடுத்த குளம் என்று சங்கிலிபோல் போகும் அமைப்பு இது. நடுவில் ஒரு குளம் வற்றிக் கிடப்பதாலேயே அது தேவையற்றது என்று முடிவு செய்தால், வெள்ளம் வரும் ஆண்டில் அதன் பங்குத் தண்ணீர் எங்கே போகும்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்ததையும், நெல்லை சந்திப்புப் பகுதி தண்ணீரில் நின்றதையும் நாம் கண்ணால் பார்த்தோம். தண்ணீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை. திருநெல்வேலியின் புதிய பேருந்து நிலையத்தை மக்கள் இன்றும் வேய்ந்தான்குளம் என்றே சொல்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வற்றியதாகத் தோன்றும் குளத்தில் பெரும்பாலும் வற்றியிருப்பது அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்தான். ஒருமுறை சேரன்மகாதேவி பக்கத்தில் ஒரு சிறு குளத்தை அளக்கப் போனோம். தண்ணீர் நிற்க வேண்டிய உள்வாய் முழுவதும் சீமை உடை எனும் சீமைக் கருவேலம். முள்ளை வெட்டி வழி செய்துகொண்டு, புலப்படத்தில் இருந்த அளவுப்படி சர்வேயர் சங்கிலியை இழுத்துப் பிடித்துக் கம்பியால் ஓர் இடத்தைக் குத்திக் காட்டினார். இரண்டடி தோண்டியதும் வண்டலுக்குள் கல் அகப்பட்டது. தலையில் வெட்டியிருந்த குறி, கையால் மண்ணைத் துடைத்ததும் தெளிவாகத் தெரிந்தது. கூட வந்திருந்த முதியவர் ஒருவர், "இதுக்கு மேக்கேதான்யா கால் வந்தது" என்று கையை நீட்டினார். அவர் காட்டிய இடத்தில் கம்பிவேலியும் வாழையும் இருந்தன. குளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த எட்டடி அகல ஓடை மட்டும் காணாமல் போயிருந்தது. குளத்தைக் காப்பாற்ற நினைப்பவர்கள் குளத்தின் புல எண்ணோடு வரத்துக்கால், மறுகால், உபரி ஓடை ஆகியவற்றின் புல எண்களையும் கேட்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது அன்றைய அனுபவத்தால்தான்.

சட்டமும் இதில் உறுதியாகவே இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம், நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ள குளங்களின் எல்லையை அளந்து, வரைபடம் தயாரித்து, ஆக்கிரமிப்பாளர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து அகற்ற வேண்டும் என்கிறது. மற்ற நீர்நிலைகளுக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் பொருந்தும்.

எங்களிடம் பி மெமோ இருக்கிறது. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் இருக்கின்றன. நிலம் எங்களுக்குச் சொந்தம்தானே?

இல்லை. பி மெமோ என்பது நீங்கள் அரசு நிலத்தை அனுமதியின்றி அனுபவிக்கிறீர்கள் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிவைக்கும் ஆக்கிரமிப்புக் குறிப்பு. அதன்மேல் விதிக்கப்படும் தொகை அபராதத் தீர்வை. அதைக் கட்டிய ரசீதைப் பத்திரம்போல் மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் வைத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் உண்மையைச் சொல்வது எளிதாக இருந்ததில்லை. வீட்டு வரியும் மின் இணைப்பும் நீங்கள் அங்கே குடியிருப்பதைக் காட்டும், உரிமையைக் காட்டாது. தனியார் நிலத்தில் 12 ஆண்டு எதிரிடை அனுபவம் பேசலாம் என்றால், அரசுக்கு எதிராக அந்தக் காலம் 30 ஆண்டு. நீர்நிலையாக இருந்தால் எத்தனை ஆண்டு ஆனாலும் நீதிமன்றம் அதை ஏற்பதில்லை.

புறம்போக்கு மரத்துக்குக் கிடைக்கும் 2-சி பட்டாவும் அப்படித்தான். மரத்தின் பலன் உங்களுக்கு, நிலம் அரசுக்கு.

கிராம நத்தமும் புறம்போக்குதானா?

நத்தம் ஊரார் குடியிருப்பதற்கென்று ஒதுக்கப்பட்ட பகுதி. அதில் வீடு கட்டிக் குடியிருப்பவருடைய இடம் அரசுக்கு உரியது அல்ல என்று சென்னை உயர்நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியிருக்கிறது. நத்தத்தில் உள்ள தெரு, களம், கிணறு போன்ற பொது இடங்கள் மட்டும் பொதுவாகவே நீடிக்கும்.

ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்னால் கடைசியில் இடிபடுவது ஏழையின் குடிசைதானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவரை நான் மதிக்கிறேன். ஓடைக்கரையில் ஓலைக் குடிசை போட்டவர் வேறு இடம் இல்லாமல் போட்டவர். பக்கத்திலேயே அதே ஓடையை மண் கொட்டி மூடி மனை பிரித்தவர் வேறு இடம் இருந்தும் எடுத்துக்கொண்டவர். இருவரையும் ஒரே அறிவிப்பில் சேர்ப்பது நியாயமாகாது. மேலே சொன்ன 2011 உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே, நிலமற்ற தொழிலாளர்களுக்கோ பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கோ அரசு ஆணைப்படி குத்தகைக்குக் கொடுக்கப்பட்ட இடங்களையும், ஏற்கெனவே பள்ளியோ மருத்துவமனையோ பிற பொதுப் பயன்பாடோ உள்ள இடங்களையும் விதிவிலக்காக முறைப்படுத்தலாம் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வருவாய்த் துறை புறம்போக்கை ஆட்சேபகரமானது, ஆட்சேபணையற்றது என்று இரண்டாகப் பிரிக்கிறது. குளம், ஓடை, வாய்க்கால், சாலை, சுடுகாடு முதலியவை ஆட்சேபகரமானவை. அவற்றில் பட்டா கிடைக்காது. மற்றவற்றில் வீடு கட்டி வாழும் நிலமற்ற ஏழைகளுக்கு அரசாணைகளுக்கு உட்பட்டு வீட்டுமனைப் பட்டா கிடைக்க வழி இருக்கிறது. ஆட்சேபகரமான இடத்தில் இருப்பவரை அகற்றும் முன் மாற்று இடம் கொடுங்கள் என்பதையும் ஊர் தன் மனுவிலேயே சேர்த்துக் கேட்க வேண்டும். குளத்தை மீட்பதில் காட்டும் அக்கறையை அங்கே குடியிருந்தவர் போகும் இடத்தைப் பற்றியும் காட்டாத ஊரில், அடுத்த தலைமுறை வரை பகை நிற்கும். சட்டப்படியும் அறிவிப்புக் கொடுத்து, பதில் கேட்டு, உத்தரவிட்ட பிறகே அகற்ற முடியும். அந்த உத்தரவின்மீது மேல்முறையீடும் உண்டு.

பஞ்சமி நிலம் இந்தக் கணக்கில் வருமா?

அது தனி வகை. 1892-ஆம் ஆண்டு அரசாணையின்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட நிலம் அது. பிற வகுப்பினர் வாங்கினால் அந்த விற்பனை செல்லாது. பழைய பதிவேடுகளின் குறிப்புப் பத்தியில் டி.சி. (ஒடுக்கப்பட்ட வகுப்பினர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மேற்கே உள்ள காட்டு நிலம் யாருடைய திட்டப்படி நிர்வகிக்கப்படுகிறது?

1962-இல் முண்டந்துறையும் 1976-இல் களக்காடும் சரணாலயங்களாகி, 1988-இல் இரண்டும் சேர்ந்து களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஆயின. காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற, 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும். மாவட்ட அளவில் முடிவெடுக்க முடியாது. காட்டில் வாழும் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பொருந்தும். ஆடி அமாவாசைக்குக் காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள் எத்தனை நாள் தங்கலாம், எந்த வண்டி போகலாம் என்று வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும் ஆண்டுதோறும் வகுப்பதும் பொது நிலப் பயன்பாட்டுத் திட்டம்தான். நிலத்தை யாருக்கும் கொடுக்காமல், நாளையும் முறையையும் மட்டும் வரையறுத்து, வழிபாட்டையும் காட்டையும் ஒருசேரக் காக்க முயல்கிற நல்ல முன்மாதிரி அது.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தின் கதை வேறு. சிங்கம்பட்டி ஜமீன் காட்டில் 8,373 ஏக்கருக்கு மேல் 1929-இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. ஜமீன் ஒழிப்புக்குப் பின் நிலம் அரசுக்கு வந்தபோதும் குத்தகை தொடர்ந்தது. அதன் காலம் 2028-இல் முடிகிறது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஐந்து இடங்களில் தலைமுறைகளாகத் தேயிலை பறித்து வாழ்ந்த தொழிலாளர்களுக்கு அந்த நிலத்தில் ஒரு செண்டும் சொந்தமில்லை. பொது நிலத்தை நூறாண்டுக் குத்தகைக்கு விடும்போது, அதில் வாழப்போகும் மனிதர்கள் குத்தகை முடியும் நாளில் எங்கே போவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. இன்று அரசு கையெழுத்திடும் ஒவ்வொரு நீண்ட காலக் குத்தகையிலும் இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும்.

தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போது நடுவில் உள்ள ஓடையும் பாதையும் என்ன ஆகும்?

பட்டா நிலங்களை விலை கொடுத்து எடுக்கும்போது இடையில் கிடக்கும் புறம்போக்குகளை நிலமாற்றம் செய்து, அதாவது நிலம் கேட்கும் துறைக்கு மாற்றிக் கொடுப்பதே வழக்கம். 2023-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களில் நீர்நிலை, ஓடை, வாய்க்கால் அடங்கிய அரசு நிலத்தையும் சேர்த்து ஒருங்கிணைக்க வழி செய்கிறது. விவசாய அமைப்புகள் இதைக் கடுமையாக எதிர்த்தன. ஒரு ஓடையைத் திட்ட எல்லைக்கு உள்ளே நகர்த்தி வரைவது தாளில் எளிது. மேட்டிலிருந்து வரும் தண்ணீர் அந்தத் தாளைப் பார்த்து வருவதில்லை என்பதால், அந்த எதிர்ப்பில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். வளர்ச்சியும் பாதுகாப்பும் அருகருகே இருக்க முடியாது என்பதும் இல்லை. கங்கைகொண்டானில் தொழில் வளாகத்துக்குப் பக்கத்திலேயே 2013-இல் புள்ளிமான் சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

மாநகராட்சிப் பகுதியில் மனை வாங்கினோம். பூங்காவுக்கு விட்ட இடத்தில் இப்போது வீடு வருகிறது. என்ன செய்வது?

பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் நகர் ஊரமைப்புத் துறையின் இறுதி அனுமதி கிடைக்கும். அந்தத் தானப் பத்திரத்தின் நகலையும், ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தையும் வாங்குங்கள். இரண்டும் கையில் இருந்தால் மாநகராட்சி ஆணையரிடம் பேசுவது எளிது.

குளத்தங்கரையில் எங்கள் சாஸ்தா கோயில் இருக்கிறது. அதையும் ஆக்கிரமிப்பு என்பார்களா?

நெல்லைச் சீமையில் சாஸ்தா கோயில் இல்லாத குளக்கரையைக் காண்பது அரிது. பங்குனி உத்திரத்துக்கு எங்கிருந்தெல்லாமோ குடும்பங்கள் வந்து பொங்கலிடுகின்றன. பழைய கோயில்கள் பல, பதிவேட்டிலேயே கோயில் என்று குறிக்கப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் கவலை வேண்டாம். ஆனால் பழைய பீடத்தைச் சுற்றிப் புதிதாக மண்டபமும் சமையல்கூடமும் மதிலும் கட்டி உள்வாய்க்குள் இறங்குவது ஆக்கிரமிப்பே. குளத்தைக் காக்க நிறுத்தப்பட்ட தெய்வத்தின் பெயரால் குளத்தைச் சுருக்கக் கூடாது.

கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா?

உண்டு, அதைச் சரியாக எழுதினால். ஆண்டுக்கு ஆறு நாள்கள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. "ஊர் நிலத்தைக் காப்பாற்ற வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் அதில் அதிகாரி செய்ய ஒன்றும் இல்லை. புல எண், பரப்பு, அ-பதிவேட்டில் உள்ள வகை, ஊர் இப்போது அதை எதற்குப் பயன்படுத்துகிறது, கேட்கும் துறைக்கு மாற்றாக ஊரில் உள்ள தரிசு நிலத்தின் புல எண் ஆகிய ஐந்தும் தீர்மானத்தில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன மாற்று இடம்தான் முக்கியம். வேண்டாம் என்று மட்டும் சொல்லும் தீர்மானத்தைவிட, இதை விட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று காட்டும் தீர்மானத்தைத் தள்ளுவது கோட்டாட்சியருக்குக் கடினம்.

மனுவை எங்கே, எப்படிக் கொடுப்பது?

திங்கட்கிழமைகளில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். குளம், வாய்க்கால் தொடர்பானவை என்றால் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் எழுப்பலாம். மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அ-பதிவேட்டு நகலும் புலப்படமும் இணைத்து, எந்தக் கல்லுக்கும் எந்தக் கல்லுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதைப் புலப்படத்திலேயே சிவப்பு மையால் குறித்துக் கொடுங்கள். தேதியோடு எடுத்த புகைப்படம் இரண்டு போதும். யார்மீதும் வசை வேண்டாம், யாருடைய சாதியையும் எழுத வேண்டாம்.

கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியவில்லை என்றால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். நிலமாற்றக் கருத்துரு வந்த நாள், கள ஆய்வு அறிக்கை, ஆட்சேபணை விளம்பரம் ஒட்டப்பட்ட நாள், ஊராட்சித் தீர்மானம் ஆகிய நான்கின் நகலையும் கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் கடிதத்தை ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள்; நாள் கணக்கை அந்த ஒப்புகைதான் சொல்லும்.